வெண்டிக்காய்ப் பெட்டியில் ஒரு வாக்கெடுப்பு

என் சமையலறை அலமாரியில், அப்பளத் தகரத்துக்குப் பின்னால், ஒரு பெட்டி மட்டை செருகிக் கிடக்கிறது. கொழும்பிலிருந்து விமானத்தில் வெண்டிக்காய் வந்த பெட்டியின் மூடி அது. ஒரு பக்கத்தில் பச்சை மையில் வெண்டிக்காய்ப் படம். மறுபக்கத்தில் நடுவே ஒரு கோடு, கோட்டுக்கு இடப்பக்கம் 'வைச்சிரு', வலப்பக்கம் 'விடு'. இரண்டின் கீழும் பேனாக் கோடுகள், நாலு நின்றால் ஐந்தாவது குறுக்கே படுத்திருக்கும். சூரிச்சிலிருந்து வீடு மாறிப் பக்கத்து ஊரான ஊஸ்டருக்கு வந்தபோது என் மகன் இதைப் பழைய கடதாசிக் கட்டோடு சேர்த்துக் கயிறு போட்டுத் தெருவோரம் வைத்துவிட்டான். நான் செருப்போடு ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்து எடுத்து வந்து, அவனுக்கு வாய் நிறைய ஏச்சும் கொடுத்தேன். "உது என்னம்மா?" என்றான். "பேஸ்போல்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மீதிப் பெட்டிகளைக் கட்டப் போனான்.

சூரிச்சில், நாலாம் வட்டாரத்தில், ட்ராம் திரும்புகிற மூலையில் இருந்த ஒரு தமிழ்க் கடையில் காசுப்பெட்டிக்குப் பின்னால் ஆறு வருடம் நின்றவள் நான். கணவர் பக்கத்துத் தெருவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. நான் வந்த புதிதில் இந்த நாட்டில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். பிறந்த திகதி கேட்டார்கள், கணவர் பெயர் கேட்டார்கள், இங்கே இருக்க விடுகிற பேர்மிட் கேட்டார்கள். கடையில் கறிவேப்பிலை வந்துவிட்டதா என்று கேட்டார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவள், ஒரு வருடமாக விலை மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதைக் கொட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம்தான் கடைக்கு மரக்கறி வரும். வாகனம் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. முருங்கைக்காய்க்கும் வெற்றிலைக்கும் காத்திருக்கிற ஆண்கள் அரிசி மூட்டைகளின் மேல் சாய்ந்தபடி உலகத்தை ஆளுவார்கள். அவர்களில் ஒருவரைத்தான் எல்லோரும் சேர்மன் அண்ணை என்று கூப்பிட்டார்கள். எந்தச் சபைக்கும் அவர் தலைவராக இருந்தவரில்லை. ஆனால் தலைமை தாங்காமல் அவருக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. மூன்று பேர் நின்றால் வரிசையாக்குவார், நாலு பேர் கதைத்தால் "ஒவ்வொருத்தராக் கதையுங்கோ" என்பார். ட்ராம் நிற்கும் பணிமனையில் விடியற்காலையில் பெட்டிகளைக் கழுவித் துடைக்கிற வேலை. வேலை முடிந்து, செம்மஞ்சள் பட்டி போட்ட அந்த மேலங்கியோடுதான் நேரே கடைக்கு வருவார். பின்னால் இருந்த தொலைபேசிக் கூண்டில் நாலு மணிக்குக் கனடாவுக்குப் பேசுவார். பிறகு மரக்கறியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு மார்கழிச் சனிக்கிழமை அவர் மூட்டைகளுக்கு நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஒரு விசயம் கேக்க வேணும். பேஸ்போல் ஆருக்குத் தெரியும்?"

ஒருவருக்கும் தெரியாது. கிரிக்கெட் என்றால் எல்லோரும் நிபுணர்கள். அவர் விளக்கினார். கனடாவில் ஒரு நகரம், அந்த நகரத்துக்கு ஓர் அணி. அணியின் பெயரை நான் எழுதப்போவதில்லை, எழுதினால் இன்றைக்கும் சண்டைக்கு வர ஆட்கள் இருக்கிறார்கள். கோடையில் விளையாடுவார்கள். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. அந்த மாதங்களில் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும். உன்னுடைய ஒரு ஆளை எனக்குத் தா, என்னுடைய இரண்டு பேரை நீ எடு, இந்தக் கணக்குத்தான். இப்போது அந்த அணி பந்து போடுகிற ஒருவரை வைத்திருப்பதா விடுவதா என்று யோசிக்கிறதாம். "அவர் போடுற பந்தெல்லாம் அடி வாங்குதாம். என்ன செய்யலாம், சொல்லுங்கோ."

கொத்துரொட்டி போடுகிற அண்ணை ஒருவர் உடனே தீர்ப்புச் சொன்னார். "அடி வாங்குறவனை வைச்சு என்ன, பூசை செய்யவோ? தூக்கி எறியச் சொல்லு." எல்லோரும் தலையாட்டினார்கள். சேர்மன் அண்ணை மட்டும் ஆட்டவில்லை. காசுப்பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீர் என்ன சொல்லுறீர்?"

ஐயோ, அந்தக் கேள்வி! நான் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவள். தடியால் பந்தை அடித்துவிட்டு, நட்டு வைத்த கம்புகளைச் சுற்றி ஓடுகிற விளையாட்டு. எங்கள் வலயத்தில் பெண்கள் அணிக்கு முதல் அடி அடிக்கிறவள் நான்தான். அவர் விளக்கிய பேஸ்போல் எனக்கு அச்சொட்டாக எல்லே மாதிரியே கேட்டது. எல்லேயில் பந்து போடுகிறவர் நம்முடைய அணிக்காரர். நமக்கு அடிக்க வாகாக, இடுப்பு உயரத்தில் போட்டுத் தருவார். அப்படி ஒருவர் கிடைப்பது பெரிய பாக்கியம்.

"அவரை விடவே கூடாது" என்றேன். "போடுற பந்தெல்லாம் அடிபடுகுதெண்டால் அவரைப்போல ஆளை வேற எங்க தேடுறது? உங்களுக்கு விசரே, விடுறதுக்கு!"

கொத்து அண்ணை ஏதோ சொல்ல வந்தார். "இது கிரிக்கெட் இல்லை, நீங்கள் சும்மா இருங்கோ" என்று அடக்கினேன். நான் கதைத்த வேகத்தில் எல்லோரும் மிரண்டுவிட்டார்கள். சேர்மன் அண்ணை அப்போதுதான் இறக்கியிருந்த வெண்டிக்காய்ப் பெட்டியின் மூடியைக் கிழித்தார், நடுவே கோடு போட்டார். இந்த நாட்டில் எதற்கும் வாக்கெடுப்பு, நாங்களும் எடுப்போம் என்றார். 'வைச்சிரு' வென்றது. அவருடைய முதல் கோடும் அதன் கீழேதான் விழுந்தது.

பிறகு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி நீட்டினார். இதை இங்கிலீசில், ஆனால் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு நன்றாக வரும். ஆருக்கு அண்ணை என்று கேட்டபோதுதான் விசயம் வெளியே வந்தது. கனடாவில் அவருக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகள். தாய் நோயில் போய்விட, பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவருடைய அக்கா தன் குடும்பத்தோடு அவளைக் கனடாவுக்குக் கொண்டுபோனார். இவர் பின்னால் போய்ச் சேர்வதாக வெளிக்கிட்டு, சுவிசில் அகப்பட்டு நின்றுவிட்டார். பிள்ளைக்குத் தமிழ் விளங்கும், கதைக்க வராது. இவருக்கு இங்கிலீசு பாதிதான். சாப்பிட்டியா, படிச்சியா, குளிரோ என்ற மூன்று கேள்விகளோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் கதை முடிந்துவிடும். பிள்ளைக்கு உயிர் பேஸ்போல். அதனால் இவர் பேஸ்போல் படிக்கத் தொடங்கினார். கோடையில் ஆட்டம் இருந்தது, ஒப்பேற்றினார். குளிர்காலம் வந்ததும் கதைக்க ஒன்றுமில்லாமல் போய்விடுமோ என்று பயந்தவருக்கு, இந்த ஆள்மாற்றுகிற கூத்து கடவுள் தந்த மாதிரி வந்தது.

"ஆட்டம் இல்லாத மாசத்திலதானே தங்கச்சி கதை வேணும்" என்றார்.

நாலு மணிக்கு அவர் கடதாசியோடு கூண்டுக்குள் போனார். கூண்டின் கதவு ஒருநாளும் முழுதாகச் சாத்துப்படாது. அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பது எங்களுக்குக் கேட்டது. பிறகு தொலைபேசிக்குள் இருந்து ஏதோ கீச்சுக் கீச்சென்று வந்தது, நின்றது, திரும்பவும் வந்தது. அவர் வெளியே வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உமக்குப் பேஸ்போல் தெரியாதாம்" என்றார். "பந்து போடுறவன் எதிர்ப்பக்கத்து ஆளாம். அடி வாங்கினால் கூடாதாம்."

நான் கூனிக் குறுகிப்போனேன். கொத்து அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சேர்மன் அண்ணை சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. காசுப்பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை சிரிச்சவள். நிப்பாட்டேலாமல் சிரிச்சவள். மூண்டு வயசுக்குப் பிறகு இப்பதான் நான் அவள் சிரிச்சுக் கேட்டனான். அடுத்த கிழமையும் ஏதாவது சொல்லும், என்ன?"

அப்படித்தான் எங்கள் கடையில் குளிர்காலப் பேஸ்போல் தொடங்கியது. நான் விடுவேனா? நூலகத்துக்குப் போய், படம் போட்ட புத்தகமொன்றை எடுத்துவந்து விதிகளைப் படித்தேன். அந்த வருடமே கடைக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்தார், கணினி நிறுவனமொன்றில் வேலை செய்கிற சென்னைத் தம்பி. அதற்கு முன் அமெரிக்காவில் இருந்தவர். தோசை மா வாங்க வந்தவர் மட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த டிரேடு பத்தியா பேசுறீங்க? இங்கேயா?" என்று வாயைப் பிளந்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறமாட்டார். மடிக்கணினியைப் பருப்பு மூட்டையின் மேல் விரித்து வைத்துக்கொண்டு எண்களால் அடிப்பார். கொத்து அண்ணை கிரிக்கெட்டால் அடிப்பார், நான் எல்லேயால் அடிப்பேன். முதலாளி இந்தச் சத்தத்தில் இரண்டு தேங்காய் கூட விற்குமே என்று பேசாமல் இருப்பார். அணியின் நிர்வாகிக்கு மூளை இருக்கிறதா இல்லையா என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. சேர்மன் அண்ணை மூன்றரை மணிக்கு வாக்கெடுப்பு நடத்தி, முடிவை எழுதுவித்துக்கொண்டு கூண்டுக்குள் போவார். அவர் போடுகிற கோடு எப்போதும் 'வைச்சிரு' பக்கம்தான். காலொடிந்தவனை விடமாட்டார், கிழவனை விடமாட்டார். "உங்கட அணியில இப்ப ஐம்பது பேர் நிக்கினம் அண்ணை, சாப்பாடு ஆர் போடுறது?" என்று பகிடி பண்ணுவேன். "நிக்கட்டுமே" என்பார்.

மூன்றாவது குளிர்காலத்தில்தான் அது நடந்தது. மகளுக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருவர் அந்த அணியில் இருந்தார். அடிக்கிறவனுக்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் போட்டுக் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவர். மற்றவர்கள் ஓடுவார்கள், பாய்வார்கள். இவர் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டார், அதனால்தான் அவரைப் பிடிக்கும் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். நிர்வாகி அவரை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பந்து போடுகிற இரண்டு இளம் ஆட்களை வாங்கிக்கொண்டார். கடையில் பெரிய அமளி. "முழங்கால் தேய்ஞ்ச ஆள், நல்ல விலை வாற நேரத்தில குடுத்ததுதான் புத்தி" என்றார் கொத்து அண்ணை. "நம்பர்ஸ் படி பார்த்தா சரியான முடிவுதான்" என்றார் சென்னைத் தம்பி. "புதுசா வந்த ரெண்டு பேரும் போடுற பந்தைப் பிடிக்கிறது ஆர், உங்கட நம்பரோ?" என்று நான் பாய்ந்தேன். அந்த ஆட்டக்காரரிடம் சம்மதம் கேட்டார்களா என்று முதலாளி இடையில் கேட்டார். கேட்கமாட்டார்கள், தொலைபேசியில் சொல்வார்கள், அடுத்த நாள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்றார் தம்பி. அரிசி மூட்டைப் பக்கம் சத்தம் அடங்கியது. அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அகதி முகாமில் இருந்து எந்த மாநிலத்துக்கு அனுப்பப்படுகிறோம் என்று கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள்.

அன்றைக்கு 'வைச்சிரு' பெரு வெற்றி. சேர்மன் அண்ணை உற்சாகமாகக் கூண்டுக்குள் போனார், இரண்டு நிமிடத்தில் திரும்பிவிட்டார். என் பக்கத்தில் வந்து, வேறொருவருக்கும் கேட்காமல் சொன்னார்: "இனிப் பேஸ்போல் பாக்கமாட்டாளாம். வேலை பெரிசெண்டால் ஆக்கள் விட்டிட்டுப் போயிடுவினமாம். என்னைப்போலவாம்."

இதை விளங்கிக்கொள்ள அவருடைய பேர்மிட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னுடையது பி. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியிருந்தாலும் வெளிநாடு போய் வரலாம். அவருடையது எஃப். தற்காலிகமாக இருக்க விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர வழியில்லை. பிள்ளையைக் கூப்பிடவும் வழியில்லை. அக்கா பிள்ளையிடம், அப்பாவுக்கு ட்ராமில் பெரிய வேலை, லீவு கொடுக்கமாட்டார்கள் என்று சொல்லி வளர்த்துவிட்டார். இவரும் அதைத் திருத்தவில்லை. உண்மையைச் சொல்லுங்கோ என்று நான் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். "அப்பன் கயித்தில கட்டின மாடு எண்டு பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுறீரோ? பெரிய வேலைக்காரன் எண்டு நினைக்கட்டும்" என்பார். அந்தப் பெரிய வேலைதான் இப்போது அவருக்கு எதிராகத் திரும்பி நின்றது. அடுத்த சனிக்கிழமை அவர் எடுத்தபோது பிள்ளை தொலைபேசிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்த உறவு, அதுவும் அறுந்துவிடும் போலிருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை சேர்மன் அண்ணை நிமிர்ந்து நின்று அறிவித்தார்: "மனு குடுப்பம். அந்த ஆளைத் திருப்பி எடுக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கி அந்த நிர்வாகிக்கு அனுப்புவம்." சென்னைத் தம்பி, "சார், அதெல்லாம் அவங்க..." என்று தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன்.

இந்த ஊரில் கையெழுத்து வாங்குகிறவர்களை நாங்கள் தினமும் காண்போம். ட்ராம் நிறுத்தத்தில் பலகையும் பேனாவுமாக நிற்பார்கள். சிரித்துக்கொண்டே வருவார்கள், ஓட்டுரிமை இருக்கிறதா என்று கேட்பார்கள், இல்லையென்றதும் மன்னிக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போவார்கள். எங்களிடம் ஒருவரும் பேனாவைத் தந்ததில்லை. அந்த ஆசையெல்லாம் சேர்ந்துதான் நான் அந்தப் படிவத்தைத் தயாரித்தேன் என்று நினைக்கிறேன். தம்பி இங்கிலீசில் ஒரு பக்கக் கடிதம் எழுதினார், அழகான கடிதம். படிவம் என் பொறுப்பு. கோடு போட்டுக் கட்டம் பிரித்தேன். பெயர், பிறந்த திகதி, விலாசம், பேர்மிட், கையெழுத்து.

"அக்கா, பேர்மிட் எதுக்கு? பேஸ்பால் டீமுக்கு அது என்னத்துக்கு?" என்றார் தம்பி.

"பேர்மிட் இல்லாமல் என்ன படிவம்? ஆர் நம்புறது?" என்று சீறினேன். அதுவரை பேர்மிட் கேட்காத படிவம் ஒன்றை நான் இந்த நாட்டில் கண்டதில்லை.

இரண்டு கிழமையில் கடைக்கு வந்த எல்லோரிடமும் வாங்கினோம். கறிவேப்பிலை வாங்க வந்த ஓர் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "ஆரைத் திருப்பி அனுப்பினவங்கள் பிள்ளை?" என்று கேட்டார். ஒரு பேஸ்போல்காரரை என்றேன். "குடும்பம் இருக்கோ?" ஓம், இருக்காம் என்றேன். "அப்ப போடுறன், தாரும்." வேறு மாநிலமான சொலோதுர்னில் இருந்து உறவினர் வீட்டுக்கு வந்தவர்கள்கூடப் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சேர்மன் அண்ணை முதல் வரிசையில், அவருக்கே உரிய பெரிய எழுத்தில், ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பன்னிரண்டு வருடம் தன் பிள்ளையிடம் மறைத்த எழுத்தைத் தானே, அழுத்தி, கட்டத்தின் நடுவில் எழுதினார். கட்டம் இருந்தது, எழுதினார், அவ்வளவுதான். எனக்கும் அது உறைக்கவில்லை. ஒரு பிரதி அணிக்குப் போனது. ஒரு பிரதி, அப்பா உனக்காக என்ன செய்தேன் பார் என்று காட்ட, மகளுக்குப் போனது. தொடர்புக்குக் கடையின் தொலைபேசி எண்.

அணியிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. ஆனால் ஒரு புதன்கிழமை பின்னேரம், நான் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தபோது கடைத் தொலைபேசி அடித்தது. ஒரு சின்னக் குரல், சொல்லுக்குச் சொல் நின்று நின்று தமிழில் வந்தது.

"அன்ரி... நீங்கள்தானே அப்பா சொல்லுற எல்லே அன்ரி? அந்தப் பேப்பரில பேர்மிட் எண்டு ஒண்டு இருக்கு. உங்களுக்கு பி. அப்பாக்கு எஃப். எஃப் எண்டால் என்ன? ஃபெயிலோ?"

வெங்காயம் கையில் இருந்தபடியே நின்றேன். என்ன வேலை செய்துவைத்தேன் என்று அப்போதுதான் தலைக்குள் ஏறியது. சொல்வது என் உரிமையில்லை, சொல்லாமல் விட்டால் நான் மனிசியில்லை. "அது அப்பாட்டக் கேள், செல்லம்" என்றேன். "ஆனா ஒண்டு சொல்லுறன். அந்தக் கட்டத்தில வேற எழுத்து இருந்திருந்தால், உன்ர அப்பா எப்பவோ பிளேன் ஏறி வந்திருப்பார். எந்த வேலையும் அவரை நிப்பாட்டியிராது." பிறகு "ஓகே அன்ரி" என்று வைத்துவிட்டாள்.

சேர்மன் அண்ணையிடம் அன்றே சொன்னேன். என்னைக் கொன்றுபோடுவார் என்று நினைத்தேன். அவர் மேலங்கியின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமை வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. நாலு மணிக்கு அவர் வெறுங்கையோடு கூண்டுக்குள் போனார். கதவு வழமைபோல் திறந்தே கிடந்தது. முதலாளி, கேட்கக் கூடாதென்று, மிளகாய் அரைக்கிற யந்திரத்தைப் போட்டார், அரைக்க ஒன்றுமில்லாமலே. கொத்து அண்ணை வெளியே போய் நின்றார். சென்னைத் தம்பி திறக்காத மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். மரக்கறி வாகனம் வந்தது, இறக்கினோம், போனது. அவர் வெளியே வரவில்லை.

வந்தபோது கண் சிவந்திருந்தது. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சபையில் பேசுகிற அந்தப் பழைய குரலிலேயே சொல்லத் தொடங்கினார், பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"மகள் கேக்கிறாள்... எஃப்பை மாத்துறதுக்கு ஆருக்குக் கடிதம் போடவேணுமாம். தன்ர பள்ளிக்கூடத்தில கையெழுத்து வாங்கித் தாறாளாம். படிவம் எல்லே அன்ரியையே செய்யச் சொல்லட்டாம்."

நான் காசுப்பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து அழுதேன். வெட்கம் என்ன வெட்கம்.

கையெழுத்தால் பேர்மிட் மாறவில்லை, அது மாற இன்னும் மூன்று வருடமும் ஒரு நல்ல வழக்கறிஞரும் தேவைப்பட்டன. மாறிய அந்தக் கோடையே அவர் கனடாவுக்குப் போனார். விமான நிலையத்தில் தன்னைவிட ஒரு சாண் உயரமான பெண் வந்து கட்டிப்பிடித்ததாகச் சொன்னார். அவளோடு முதல் தடவையாக மைதானத்தில் இருந்து ஆட்டம் பார்த்தார். பிறகு மகளே அவரைக் கூப்பிட்டுத் தன்னோடு வைத்துக்கொண்டாள். கடைசிப் பத்து வருடம் அங்கேதான். போன மாரியில், ஆட்டமில்லாத மாதத்தில், அவர் காலமானார். மகள்தான் எனக்கு அழைத்துச் சொன்னாள். தமிழில் சொன்னாள், ஒரு சொல் தடக்காமல்.

இப்போது குடியுரிமை எடுத்த எனக்கு வருடத்தில் நாலு தரம் வாக்குச்சீட்டு தபாலில் வருகிறது. உறையைக் கிழிக்கும்போதெல்லாம் அவரை நினைப்பேன். கட்டிடத்துக் கூட்டத்தில், வேலையிடத்தில், நான்தான் முதலில் வாயைத் திறக்கிறவள். கணவர் முழங்கையால் இடிப்பார், நான் நிறுத்தமாட்டேன். எனக்குக் குரல் இருந்தது, யாரும் கேட்காததால் அது துருப்பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று கேட்டார், நான் பிழையாகச் சொன்னேன், அடுத்த கிழமையும் கேட்டார். அதற்கு நான் அவருக்கு நேரில் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. ஏசினதுதான் அதிகம்.

போன சனிக்கிழமை, சரியாக நாலு மணிக்கு, கைத்தொலைபேசி அடித்தது. மகள்தான்.

"அன்ரி, செய்தி பாத்தீங்களோ? திரும்பவும் ஒரு ஆளைக் குடுக்கப் போறாங்களாம், விசரன்கள். உங்கட வாக்கு என்ன?"

பொறு என்று சொல்லிவிட்டு அப்பளத் தகரத்தை நகர்த்தி மட்டையை எடுத்தேன். மேசையில் விரித்தேன். பழைய கோடுகள் மங்கியிருந்தன, ஓரமாகக் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. ஆளின் வயதைக் கேட்டேன், முழங்கால் எப்படி என்று கேட்டேன், மாற்றாக யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அரை மணிநேரம் சண்டை பிடித்தோம். கடைசியில் "என்ர கோடு 'வைச்சிரு'க்கு" என்று சொல்லி அதைப் போட்டேன்.

"அப்பாட கோடு?" என்றாள்.

"அதையும் கேக்கிறியோ" என்றேன். 'வைச்சிரு'வின் கீழே, என் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன்.